உயர் இரத்த அழுத்தத்துக்கு அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை தரும் இழப்பீடு: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறையை அங்குள்ளவர்கள் 'வி.ஏ.' என்றே சொல்கிறார்கள். படைப்பணியால் வந்த நோய்க்கும் ஊனத்துக்கும் அத்துறை மாதந்தோறும் வரியில்லாத இழப்பீடு வழங்குகிறது. அந்தச் சேவையில் உயர் இரத்த அழுத்தம் என்ற ஒரே நோய் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நோய்க்கும் படைப்பணிக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் இடத்தில் இச்சேவை இன்று தாராளமாக நடந்துகொள்கிறது, அந்த நோயின் பாதிப்பு எத்தனை சதவீதம் (மாதத் தொகையை முடிவு செய்வது இந்தச் சதவீதமே) என்று அளக்கும் இடத்தில் மிகவும் கஞ்சத்தனம் காட்டுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதை அறியாமல் மேல்முறையீட்டில் இறங்குபவர்கள் ஆண்டுக்கணக்கில் காலத்தை இழக்கிறார்கள்.

இது தமிழர்களுக்குத் தொடர்பில்லாத செய்தி என்று கருத வேண்டியதில்லை. 2008 இறுதியில் அறிவிக்கப்பட்டு 2016 இல் நிறுத்தப்பட்ட 'மாவ்னி' என்னும் ஆள்சேர்ப்புத் திட்டத்தில், படைக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இடம்பெற்றிருந்தது. இப்படிப் படையில் சேர்ந்தவர்களின் குடும்பங்களுக்கும் இந்த விதிகளே பொருந்தும்.

முதலில் தாராளமான பகுதியைப் பார்ப்போம். வியட்நாம் போரில் அமெரிக்கப் படை தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்ச்' உள்ளிட்ட களைக்கொல்லிகளுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு பல ஆண்டுகள் விவாதத்திலேயே இருந்தது. அரசுக்கு அறிவியல் ஆலோசனை கூறும் தேசிய அகாதமிகள், அந்தத் தொடர்புக்கான சான்று குறைந்த அளவிலேயே இருப்பதாக முன்பு வகைப்படுத்தியிருந்தன. 2018 அறிக்கையில்தான் போதிய சான்று உண்டு என்ற வகைக்கு அதனை உயர்த்தின. அதன்பிறகும் நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான 'பாக்ட்' சட்டம்தான் உயர் இரத்த அழுத்தத்தைச் சட்டத்தின் அனுமானப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்ததன் பயன் பெரிது. குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட இடத்தில் பணியாற்றியதையும், இன்று நோய் இருப்பதையும் காட்டினால் போதும். நடுவில் உள்ள காரணத்தொடர்பை மனுதாரர் நிறுவ வேண்டியதில்லை. வியட்நாமுக்கு அந்தக் காலம் 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரை. தாய்லாந்தில் எந்தத் தளத்தில் பணியாற்றியவரானாலும் 1976 ஜூன் 30 வரையும், குவாமிலும் அமெரிக்க சமோவாவிலும் இருந்தவர்களுக்கு 1980 ஜூலை 31 வரையும் இச்சட்டம் இடமளித்தது. தாய்லாந்து விமானத்தளங்களில் இருந்தவர்கள், தாங்கள் தளத்தின் வேலியோரம் காவல் நின்றதை நிரூபித்தாக வேண்டும் என்று அலைக்கழிக்கப்பட்ட காலம் இதனால் முடிவுக்கு வந்தது. என் பார்வையில் இந்தச் சேவையில் நேர்ந்த மிக நியாயமான மாற்றம் இதுதான்.

இந்தப் பட்டியலுக்குள் வராதவர்களுக்கும் வழி அடைபடவில்லை. பணியிலிருந்து விடுபட்ட ஓராண்டுக்குள் நோய் 10 சதவீதத் தகுதி அளவுக்கு வெளிப்பட்டால், பொதுவாக 90 நாட்களாவது தொடர்ந்து பணியாற்றியவருக்கு அது படைப்பணியில் வந்ததாகவே கொள்ளப்படும். ஆகவே, அண்மையில் படையை விட்டு வெளிவந்தவர்கள் அந்த முதல் ஆண்டில் மருத்துவரிடம் போய் இரத்த அழுத்தத்தைப் பதிவு செய்துகொள்வது மிக அவசியம். ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்ட சிறுநீரக நோய், நீரிழிவு, போருக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் போன்றவற்றால் இரத்த அழுத்தம் வந்தது என்றோ, அவற்றால் அது மோசமானது என்றோ கோரலாம். இந்த வழியில்தான் மருத்துவரின் கருத்துக் கடிதம் தேவைப்படுகிறது. 'நெக்சஸ் கடிதம்' என்று சொல்லப்படும் அக்கடிதத்தில், தொடர்பு இருப்பதற்கான வாய்ப்பு குறைந்தது பாதிக்குப் பாதி என்று காரணம் காட்டி எழுதப்பட்டிருந்தால் போதும். சான்று இருபக்கமும் சமமாக நிற்கும்போது ஐயத்தின் பலனை மனுதாரருக்கே தர வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. காரணம் எதுவும் சொல்லாமல் 'தொடர்பு உண்டு' என்று ஒரே வரியில் எழுதப்பட்ட கடிதத்துக்கு அங்கே எடை கிடையாது.

இனி அளவுக்கு வருகிறேன். இந்த மதிப்பீட்டில் நான் கூடுதலாக நிற்க விரும்பும் இடம் இது. மதிப்பீட்டு அட்டவணையில் 7101 என்ற எண்ணின்கீழ் உயர் இரத்த அழுத்தம் வருகிறது. கீழ் அளவு பெரும்பாலும் 100 அல்லது அதற்கு மேலோ, மேல் அளவு பெரும்பாலும் 160 அல்லது அதற்கு மேலோ இருந்தால் 10 சதவீதம். கீழ் அளவு 110, அல்லது மேல் அளவு 200 என்றால் 20 சதவீதம். கீழ் அளவு 120 என்றால் 40. 130 என்றால் 60. நோயை உறுதிசெய்ய, குறைந்தது மூன்று வெவ்வேறு நாட்களில், ஒவ்வொரு நாளும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை அளந்த பதிவுகள் வேண்டும். இன்று ஒழுங்காக மாத்திரை உட்கொள்ளும் எவருக்கும் கீழ் அளவு 110 என்று தொடர்ந்து நிற்பது அரிது. நிற்கிறது என்றால் அவர் இழப்பீட்டைப் பற்றி யோசிக்கும் முன் மருத்துவமனைக்குப் போக வேண்டியவர். ஆகவே மருத்துவரின் சொல்லைக் கேட்டு நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் 10 சதவீதம், அல்லது சுழியம் என்பதே நடைமுறை.

அந்தச் சுழியத்துக்கும் பத்துக்கும் இடையிலான கோடு விதியின் ஒரு வரியில் இருக்கிறது. இடைவிடாது மருந்து தேவைப்படுபவருக்கு, முன்பு கீழ் அளவு பெரும்பாலும் 100 அல்லது அதற்கு மேல் இருந்த வரலாறு இருந்தால், இப்போதைய அளவு எவ்வளவு குறைந்திருந்தாலும் குறைந்தபட்சம் 10 சதவீதம் உண்டு. மாத்திரை தொடங்குவதற்கு முன் எழுதப்பட்ட பழைய பதிவுகள் பொன் போன்றவை என்று நான் சொல்வது இதனால்தான். முதன்முதலில் நோய் கண்டறியப்பட்ட மருத்துவகத்தின் தாள்கள், படைக்கால மருத்துவப் பதிவுகள், விடுவிப்புப் பரிசோதனைக் குறிப்பு ஆகியவற்றைத் தேடி எடுக்காமல் இந்தக் கோரிக்கையில் இறங்கக் கூடாது. மருந்து இல்லாவிட்டால் என் அழுத்தம் இன்னும் மிகுந்திருக்கும், எனவே சதவீதத்தைக் கூட்டுங்கள் என்ற வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது; ஆனால் 2016 இல் மெக்கரோல் வழக்கில், முன்னாள் படைவீரர் கோரிக்கைகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, மருந்தின் விளைவை 7101 ஆம் எண் முன்பே கணக்கில் கொண்டிருக்கிறது என்று கூறிவிட்டது. அந்த வாதத்தை நம்பி மேல்முறையீடு செய்யச் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

2025 இல் 10 சதவீதத்துக்கு மாதம் 175 டாலரும், 20 சதவீதத்துக்கு 346 டாலரும் சில்லறையும் கிடைத்தன. வேறு நோய்களுக்கு ஏற்கெனவே 50 சதவீதம் பெறுபவருக்கு இந்தப் பத்து சேர்ந்தால், மீதமுள்ள 50 இல் பத்து சதவீதம் மட்டுமே கூட்டப்படுவதால் கணக்கு 55 ஆகி, 60 என்று மேலே முழுமையாக்கப்படும். 70 பெறுபவருக்கு அது 73 ஆகி, மீண்டும் 70 என்றே நிற்கும். மேல்முறையீட்டுக்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

மேல்முறையீட்டு அமைப்பு 2019 பிப்ரவரி 19 முதல் புதிய வடிவில் இயங்குகிறது. முடிவு வந்த ஓராண்டுக்குள் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் இழப்பீட்டைக் கணக்கிடத் தொடங்கும் முதல் கோரிக்கையின் தேதி காக்கப்படும். இவற்றில் உயர் இரத்த அழுத்த வழக்குகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது 20-0995 படிவத்தில் தரப்படும் துணைக் கோரிக்கையைத்தான். இந்த நோய்க்கான மறுப்புகள் பெரும்பாலும் ஏதோ ஒரு தாள் இல்லாததால் வருபவை. புதிய, பொருத்தமான சான்றை ஏற்கும் வழியாதலால் இங்கே அந்தக் குறையை நேராகச் சரிசெய்யலாம். 2022 க்கு முன் மறுக்கப்பட்ட வியட்நாம் வீரர்களும் இந்தப் படிவத்திலேயே மீண்டும் கேட்கலாம். மூத்த அதிகாரியின் மறுபரிசீலனையில் புதிய சான்று எதுவும் ஏற்கப்படாது. கோப்பில் ஏற்கெனவே உள்ள 100 க்கு மேற்பட்ட அளவுகளைப் பார்க்கத் தவறியிருந்தால் மட்டுமே அதனை நாடலாம். அப்போது தொலைபேசி உரையாடலைக் கேட்டுப் பெற்று, எந்தப் பக்கத்தில் எந்த அளவு இருக்கிறது என்று சுட்டிக்காட்ட வேண்டும். மூன்றாவது வழியான மேல்முறையீட்டு வாரியத்தில் சட்ட நீதிபதியின் பார்வை கிடைக்கும், ஆனால் காத்திருப்பு நீளும். விசாரணை கேட்டால் மேலும் நீளும். வாரியமும் மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போக 120 நாட்கள்தான் உண்டு.

உதவிக்கு ஆள் தேடும்போது, துறையின் அங்கீகாரம் பெற்ற படைவீரர் அமைப்புகளின் பிரதிநிதிகளை முதலில் அணுக வேண்டும். அவர்கள் கட்டணம் வாங்குவதில்லை. முதல் முடிவு வரும்வரை வழக்கறிஞரும் கட்டணம் கேட்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அங்கீகாரமே இல்லாமல், கூடுதலாகக் கிடைக்கும் மாதத் தொகையைப் போல் பல மடங்கைக் கட்டணமாகக் கேட்கும் நிறுவனங்கள் வயதான வீரர்களைக் குறிவைப்பது எனக்குக் கடும் கோபத்தைத் தருகிறது.

சுழியம் சதவீதம் வந்தாலும் அந்த முடிவை வீண் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தொடர்பு ஏற்கப்பட்டுவிட்டால், பின்னாளில் அதனால் வரும் பக்கவாதத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் இழப்பீடு கோரலாம். உயர் இரத்த அழுத்தத்தால் வரும் இதய நோய்க்கும் தனிச் சதவீதம் உண்டு. வீரர் இறந்துவிட்டால், அந்த இறப்புக்கு இரத்த அழுத்தம் முதன்மைக் காரணமாகவோ குறிப்பிடத்தக்க துணைக் காரணமாகவோ இருந்தது என்று காட்டும் மனைவிக்கோ கணவருக்கோ 2025 இல் மாதம் 1,653 டாலர் அடிப்படைத் தொகை வழங்கப்பட்டது. பாக்ட் சட்டத்துக்கு முன் மறுக்கப்பட்ட குடும்பங்களும் மீண்டும் கேட்கலாம். இறப்புச் சான்றிதழில் பக்கவாதம் அல்லது மாரடைப்பு என்று மட்டும் எழுதியிருந்தால், இரத்த அழுத்தத்தின் பங்கை விளக்கும் மருத்துவர் கடிதத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். முதன்முறை கேட்பவர்களுக்கு உரிய படிவத்தின் எண் 21பி-534ஈஇசட்.