ஷபாத்துக்கு வெளியூர்: நாலு இடம், நாலு பேருடைய உழைப்பு

இத்தாகாவில் படித்த இரண்டு வருடமும் என் அறைத்தோழன் ஒரு யூதப் பையன். நியூயார்க் மாநிலத்தில் உள்ளே தள்ளி இருக்கிற ஊர் அது. டிசம்பரில் நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். வெள்ளிக்கிழமை என்றால் அவனுக்கு அதற்கும் 18 நிமிடம் முன்பாகவே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றுகிற நேரம் அது. அதிலிருந்து சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை, கிட்டத்தட்ட 25 மணி நேரம், ஷபாத் என்கிற யூத ஓய்வு நாள். கார் ஓட்டக் கூடாது, அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, சுவிட்சைத் தொடக் கூடாது, போன் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஷபாத்தில் செய்யக் கூடாத வேலைகள் 39 வகை என்று அவர்களுடைய மதகுருக்களான ரபிகள் பழங்காலத்திலேயே கணக்குப் போட்டு வைத்துவிட்டார்கள்.

இத்தனைக் கட்டுப்பாட்டோடு நண்பர்கள் சேர்ந்து வெளியூர் போக முடியுமா? போவார்கள். நானும் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறேன், கூட்டத்தில் யூதனல்லாத ஒரே ஆளாக. மூன்று வகையை நேரில் பார்த்தேன், நாலாவதை அவன் சொல்லிக் கேட்டேன். இடம் அழகா, செலவு எவ்வளவு என்று பார்த்து அவர்கள் முடிவு செய்வதில்லை. நடந்து போகிற தூரத்தில் என்ன இருக்கிறது, கதவை எப்படித் திறப்பது, சனிக்கிழமை மதியம் சூடாகச் சாப்பாடு எங்கிருந்து வரும், இவைதான் கேள்வி. எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த ஓய்வுக்காக உழைப்பது யார்? வெள்ளி மாலைக்குள் யாராவது ஒருவர் முதுகொடிய வேலை பார்த்தால்தான் மற்றவர்கள் மறுநாள் காலை நீட்டி உட்கார முடியும்.

வேறு ஊர்ப் பல்கலைக்கழகம், அங்கே ஒரு ஹபாத் இல்லம்

ஹபாத், ஷபாத் இரண்டும் ஒரே மாதிரி ஒலித்தாலும் சம்பந்தமில்லாத சொற்கள். ஹபாத் என்பது ஞானம், புரிதல், அறிவு ஆகிய மூன்று எபிரேயச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்த பெயர்; ஹசீதியர் என்கிற பக்தி மிகுந்த, பழமை வழுவாத யூதர்களின் ஓர் இயக்கம். கல்லூரிகளை ஒட்டி ஒரு ரபியும் மனைவியும் வீடெடுத்துத் தங்கி, வெள்ளி இரவில் வருகிற மாணவருக்கெல்லாம் சோறு போடுவார்கள். இப்படி ஓர் இல்லம் முதலில் வந்தது 1969-இல், லாஸ் ஏஞ்சல்ஸில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் பக்கத்தில். அதைவிடப் பழையது ஹில்லெல் என்கிற யூத மாணவர் அமைப்பு. 1923-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஹில்லெல் பொதுச் சத்திரம் மாதிரி: பழமைவாதிகள் ஓர் அறையில், சீர்திருத்தப் பிரிவினர் இன்னோர் அறையில் எனத் தனித்தனியாகத் தொழுதுவிட்டு, சாப்பிட மட்டும் ஒன்றாக உட்காருவார்கள். ஹபாத்தில் அந்தப் பிரிவினை இல்லை. தொழுகை அவர்கள் முறைப்படி. வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று யாரும் கேட்பதில்லை.

உணவுக்கும் தொழுகைக்கும் இங்கே கவலையே வேண்டாம். தொல்லை தூங்குவதில். நண்பனின் விடுதி அறையில் தரையில் படுக்க வேண்டும். அந்த விடுதிக் கதவோ அட்டையைத் தேய்த்தால்தான் திறக்கும். அட்டை தேய்ப்பது மின்சாரத்தை இயக்குவது. எனவே யாராவது மாணவர் உள்ளே போகும்வரை பனியில் நிற்க வேண்டும். என்னைக் கூட்டிக்கொண்டு போனதில் பாதிக் காரணம் அதுதானோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

இன்னொரு குறை, நண்பர்களோடு பேசுவதற்காகப் போய், நண்பர்களைத் தவிர எல்லோரிடமும் பேசிவிட்டு வருவது. எந்த ஊர், என்ன படிக்கிறாய் என்று மேசை முழுக்க விசாரிப்பு. உழைப்பு யாருடையது என்று கேட்டால், ரபியின் மனைவியுடையது. வியாழக்கிழமையே அந்த வீட்டு அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். இடுப்பில் ஒரு குழந்தை, காலடியில் இரண்டு. சாப்பாட்டுக்குக் காசும் கேட்கவில்லை.

நண்பனின் பெற்றோர் வீடு, டீனெக்

நியூ ஜெர்சியில், நியூயார்க் நகரத்துக்கு ஆற்றுக்கு இந்தப் பக்கம் டீனெக் என்று ஓர் ஊர். இத்தாகாவிலிருந்து ஏறத்தாழ நாலு மணி நேரம். குளிர்காலத்தில் வெள்ளி காலை வகுப்பைக் கோட்டை விட்டால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். சீடர் லேன் என்கிற கடைத்தெருவில் கோஷர் உணவகங்கள், அதாவது யூத உணவு விதிப்படி சமைக்கிறவை, உண்டு. நடக்கிற தூரத்தில் ஒன்றுக்கு நாலு தொழுகைக்கூடங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எரூவ் இருக்கிறது. ஷபாத்தில் வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்குப் பொருள் எதையும் சுமந்து போகக் கூடாது. சாவியும் கைக்குழந்தையும்கூட அதில் சேர்த்தி. அதனால் ஊரைச் சுற்றிக் கம்பங்களில் கம்பி இழுத்து, அந்த எல்லைக்கு உட்பட்டதெல்லாம் ஒரே வளாகம் என்று பாவித்துக்கொள்கிறார்கள். கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா என்று வாராவாரம் பார்ப்பார்கள். யாராவது சுட்டிக்காட்டாவிட்டால் அது மின்கம்பி இல்லை என்று நமக்குத் தெரியாது. அந்தக் கம்பியின் புண்ணியத்தில்தான் அங்கே தள்ளுவண்டியில் குழந்தையோடு குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்குப் பாட்டியின் மடி சமையல் நினைவு வந்தது. பாலுக்கு ஒரு பாத்திர வரிசை, இறைச்சிக்கு இன்னொன்று. கழுவுகிற தொட்டியும் இரண்டு. மேசையில் துணி போர்த்திய இரண்டு ஹல்லா ரொட்டி. வேதக் கதையில் பாலைவனத்தில் மன்னா என்கிற உணவு வெள்ளிக்கிழமை மட்டும் இரட்டிப்பாகக் கிடைத்ததே, அதன் நினைவாக இரண்டு. திராட்சை மதுவின் மேல் கித்தூஷ் என்கிற பிரார்த்தனை சொல்லி, கைகழுவி, ரொட்டி வாயில் போகும்வரை யாரும் பேசுவதில்லை. இது தெரியாமல் நான் பாட்டுக்குப் பக்கத்துப் பையனிடம் தட்டு கேட்க, அவன் கண்ணாலேயே பதில் சொன்னான். மதுவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. யூதரல்லாதவர் கை பட்டால் சாதாரண கோஷர் மது ஆகாது; முன்பே சூடுபடுத்திக் காய்ச்சிய திராட்சை மதுவென்றால் பாதகமில்லை. அன்று மேசையில் இருந்தது காய்ச்சியது என்பதை வெகுநாள் கழித்துத்தான் அறைத்தோழன் சொன்னான். எனக்காக யோசித்து வாங்கிய புட்டி. யாரும் வாயைத் திறக்கவில்லை.

இரவு பாட்டு, காலையில் தொழுகை, மதியம் சோலண்ட். சோலண்ட் என்பது அவரை, பார்லி, உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி எல்லாம் போட்டு வெள்ளி மாலையே மெல்லிய சூட்டில் ஏற்றிவிடுகிற குழம்பு. இரவெல்லாம் தானாக வேகும். அதைச் சாப்பிட்டபின் எல்லோரும் தூங்குவார்கள். வேறு எதுவும் செய்ய உடம்பு இடம் கொடுக்காது.

முதல் தடவை போகிறவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். குறை சொல்வதானால், அது பெற்றோர் வீடு. நடுராத்திரி வரை கூத்தடிக்க முடியாது. ஓய்வு நாளில் ஓயாமல் நடந்துகொண்டிருந்தவர் நண்பனின் அம்மா. பூங்கொத்தோ இனிப்போ வாங்கிப் போவதென்றால் பொழுது சாய்வதற்குள் கையில் கொடுத்துவிட வேண்டும். பின்னால் கொடுத்தால் பூவைத் தண்ணீரில் வைப்பதுகூட அவர்களுக்குச் சிக்கல்.

ஓட்டலில் ஷபாத்தோன்

இதுதான் நான் போகாதது. அமைப்புகள் ஓட்டலில் மொத்தமாக அறையெடுத்து மாணவர்களை அழைத்துப் போவார்கள். சமையல், தொழுகை, சொற்பொழிவு எல்லாம் ஏற்பாடு. எல்லா மாடியிலும் தானாக நின்று நின்று போகிற லிஃப்ட் சில இடங்களில் உண்டு. அறைக்கதவு அட்டைப் பூட்டு என்றால் தாழ் விழாமல் நாடா ஒட்டிவிட்டு, திறந்த கதவோடு தூங்குகிற வீரர்களும் உண்டாம். வேலை செய்பவர்கள் சம்பளக்காரர்கள், மனசாட்சி உறுத்தாது. ஆனால் நிகழ்ச்சி நிரல் போட்டு ஓய்வெடுப்பது என் அறைத்தோழனுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்காது என்றே நினைக்கிறேன்.

கேட்ஸ்கில் மலையில் வாடகை வீடு

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைக்கும் யூதர்களுக்கும் பழைய உறவு. மற்ற ஓட்டல்கள் யூதருக்கு இடமில்லை என்று சொன்ன காலத்தில், அவர்களே இங்கே விடுதிகள் நடத்தினார்கள். நியூயார்க் யூதர்கள் கோடைக்கு இங்கேதான் வருவார்கள். பேர்பெற்ற கிராசிங்கர்ஸ் விடுதி 1986-இல் மூடிவிட்டது. இப்போதும் கோடையில் அங்கே சல்லிவன் கவுண்டி பக்கம் ஹசீதியக் குடும்பங்கள் நிறைந்துவிடும், கூட்டுத் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆண்கள் எளிதில் சேர்வார்கள். நாங்கள் போனது நவம்பரில். காக்காய்கூட இல்லை.

நாலு பையன்கள், இரண்டு பெண்கள், நான். பத்துப் பேர் இல்லாததால் அவர்கள் வேதமான தோராவின் வாசிப்பு இல்லை, கூட்டாகச் சொல்கிற பிரார்த்தனைகளும் இல்லை. ஆளுக்கொரு மூலையில் தொழுதார்கள். எரூவும் கிடையாது. சாவியைச் சட்டைப் பையில் போட முடியாதாகையால், இடுப்புக் கச்சையின் கொக்கியாகவே அமைகிற மாதிரி கோத்துக் கட்டிக்கொண்டான் ஒருவன். அப்படிச் செய்தால் அது சுமை இல்லை, உடை. காலாற நடப்பதற்கும் எல்லை உண்டு: 2,000 முழம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். வெள்ளி மதியமே எவ்வளவு தூரம் போகலாம் என்று அளந்து, ஒரு சின்னப் பாலத்தை அடையாளம் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் பாலம்வரை போவதும் அக்கரையை ஏக்கத்தோடு பார்ப்பதுமாக இருந்தோம்.

வந்திறங்கியதும் நடந்த வேலையைச் சொல்ல வேண்டும். வேறொருவர் சமைத்த சமையலறை ஆகாதென்று அடுப்பு மேலெல்லாம் அலுமினியத் தாள். சொந்தக் கத்தி, பலகை, சோலண்ட் பாத்திரம். இறைச்சி ஐஸ் பெட்டியில் இத்தாகாவிலிருந்தே வந்தது. விளக்குகளுக்கு டைமர். வாசலில் ஆள் நடமாட்டம் கண்டால் எரிகிற விளக்குக்கு மேல் நாடா. டாய்லெட் காகிதத்தைக் கிழிக்கக் கூடாது என்பதால் தனித்தனித் தாளாக வருகிற பெட்டி. குளிர்பெட்டியைத் திறந்தால் பல்பு எரியுமே? அதைத் திருகிக் கழற்றினோம். இரண்டரை மணி நேரம் எல்லோரும் பறந்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றியதும் சட்டென்று அமைதி. அம்மா இல்லை, ரபியின் மனைவி இல்லை. உழைத்த ஏழு பேரும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குப் பாடியதில் சுருதி அறவே இல்லை, சத்தம் மட்டும் ஜாஸ்தி.

பழக்கதோஷத்தில் யாரோ குளியலறை விளக்கை அணைத்துவிட்டார்கள். என்னிடம் போடச் சொல்லக் கூடாது. அவர்களுக்காக நான் போட்டாலும் அந்த வெளிச்சத்தை அவர்கள் பயன்படுத்த முடியாது. எனக்காக நான் போட்டுக்கொண்டால் அவர்களும் அனுபவிக்கலாம். அன்று பார்த்து எனக்கு அவசரமாகக் குளியலறை போக வேண்டியிருந்தது. வீட்டைச் சூடாக்கும் கருவி மட்டும் இதற்கு விலக்கு. கடுங்குளிருக்கு முன் எல்லோரும் நோயாளிகளே என்று அவர்கள் சட்டம் இரக்கப்படுகிறது. கேட்டே போடச் சொல்லலாம்.

நான் செய்த கைங்கரியத்தையும் மறைப்பானேன். சனிக்கிழமை பத்து மணிக்கு லேப்டாப்புக்கு இடம் தேடி, சமையலறையில் ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். பன்னிரண்டரைக்குத்தான் தெரிந்தது அது சோலண்டுடையது என்று. நான் திரும்பச் செருகினாலும் பிரயோசனமில்லை, அவர்களுக்காகச் சூடாக்கியதை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். வெதுவெதுப்பான சோலண்டை ஒருவர்கூட முகம் சுளிக்காமல் தின்றார்கள். திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே சட்டம் தெரிந்தவர் குழுவில் இரண்டு பேராவது இல்லையென்றால் மலைவீடு வேண்டாம். பத்துப் பேரோடு தொழுதே தீர வேண்டும் என்பவருக்கும், கோடை தவிர, வேண்டாம். டிசம்பரில் வகுப்பு முடித்துக் கிளம்பும் உத்தேசம் இருந்தால் எந்த வெளியூரும் வேண்டாம். உள்ளூர் ஹில்லெலே போதும். தனி ஆளாக, யாரையும் தெரியாமல் ஓர் ஊருக்குப் போகிறவருக்கு ஹபாத்துக்கு நிகர் கிடையாது. என்னை மறுபடி கூப்பிட்டால் நான் போவது மலைக்குத்தான், பிளக் பக்கம் போகாமல்.

சனி இரவு ஹவ்தாலா, ஷபாத்தை வழியனுப்புகிற சடங்கு: பின்னிய மெழுகுவர்த்தி, மது, முகர்ந்து பார்க்கக் கிராம்பு. சுடரை மதுவில் அணைத்ததும் ஆறு பேரும் ஒரே நேரத்தில் போனுக்குப் பாய்ந்தார்கள். ஞாயிறு மாலை ஊர் திரும்பிய பிறகு வீட்டுக்காரரிடமிருந்து செய்தி: குளிர்பெட்டி விளக்கு எரியவில்லை, உடைத்துவிட்டீர்களா? பல்பு என் கோட்டுப் பையில் இருந்தது.