தண்ணீர் பேரிங்குக்கு டர்புலன்ஸ் கணக்கு: ஆறு வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

செங்குத்து பம்புகளின் தண்ணீர் பேரிங்குக்காக, அதாவது எண்ணெய்க்குப் பதில் தண்ணீரே உராய்வைத் தடுக்கும் பேரிங்குக்காக, நானே எழுதிய சின்ன புரோகிராம் ஒன்றை ஆறு வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே இருப்பது ரெனால்ட்ஸ் சமன்பாடு, ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள மெல்லிய திரவப் படலத்தின் (ஃபிலிம்) அழுத்தத்தைச் சொல்வது. அதன்மேல் 1965-இல் எங், பான் இருவரும் கொடுத்த டர்புலன்ஸ் (கொந்தளிப்பான ஓட்டம்) திருத்தம். லாமினார் ஓட்டத்தில், அதாவது கலங்காமல் அடுக்கடுக்காக ஓடும்போது, சமன்பாட்டில் 12 என்று நிற்கும் எண்ணோடு, ரெனால்ட்ஸ் எண்ணின் (ஓட்டம் எவ்வளவு கலங்கும் என்பதற்கான அளவு) 0.9 அடுக்கை 0.0136-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். இது சுற்றுத் திசைக்கு. அச்சுத் திசைக்கு வேறு எண்கள். அவ்வளவுதான். ஒரு ரன் முடியச் சில நொடி.

எண்ணெய் பேரிங் பார்த்தே பழகியவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். 100 மி.மீ. ஷாஃப்ட், ஒரு பக்கக் கிளியரன்ஸ் (இடைவெளி) 0.1 மி.மீ., 1480 ஆர்பிஎம் என்று வையுங்கள். 46 கிரேடு எண்ணெய் 40 டிகிரியில் ஓடினால் ரெனால்ட்ஸ் எண் வெறும் 17. அதே இடத்தில் 30 டிகிரித் தண்ணீர் ஓடினால் கிட்டத்தட்ட 970. லாமினார் ஓட்டம் குலைந்து டெய்லர் சுழல்கள் என்னும் வளையச் சுழல்கள் கிளம்பும் எல்லை இந்த அளவுகளுக்கு 921. தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்கினால் எண் 775-ஐ ஒட்டி வந்துவிடும். அதாவது விடியற்காலையில் லாமினார், வெயில் ஏறினால் வேறு கதை!

முதல் வருஷம் முழுக்க நான் மாட்டிக்கொண்டது இந்த எல்லையில்தான். அதைத் தாண்டினால் திருத்தம் சேரட்டும் என்று எழுதியிருந்தேன். 12 ஒரே தாவலில் 18-க்கு மேல் போகும். அழுத்தம் மாறும், ஷாஃப்ட் நகரும், ஃபிலிம் மெலியும், அந்தப் புள்ளி திரும்ப லாமினாராகும். அடுத்த சுற்றில் மறுபடி டர்புலன்ட். ஊஞ்சல் மாதிரி ஆடுமே தவிர விடை வராது. கடைசியில் எல்லையில் தொடங்கி அதன் இரண்டு மடங்கு வரை திருத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன், அடங்கியது. ஏன் இரண்டு மடங்கு என்று கேட்டால் கைப்பழக்கம் என்றுதான் சொல்வேன்.

நாலாவது வருஷம் ஒரு பம்ப் என்னைத் தலைகுனிய வைத்தது. அதிர்வு அலைமாலையில் 12 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்முனை. சுழலும் வேகம் 24.7 ஹெர்ட்ஸ், ஆக இது பாதி வேகச் சுழற்சியேதான், அதாவது ஷாஃப்ட் தன் வேகத்தில் ஏறக்குறைய பாதியில் பேரிங்குக்குள் வட்டமிட்டு ஆடுவது. ஆடாது என்று ரிப்போர்ட்டில் எழுதியவன் நான். செங்குத்து பம்பில் பேரிங்மேல் எடை கிடையாது, ஷாஃப்ட் நடுவிலேயே மிதக்கும். இந்த ஆட்டம் வர அது போதும். புஷ்ஷை (ஷாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் பேரிங் உறை) கழற்றி அளந்தால் கிளியரன்ஸ் 0.2. மணல் தின்றுவிட்டது. கிளியரன்ஸ் இரட்டித்ததும் ரெனால்ட்ஸ் எண் 1940-க்கு ஏறுகிறது, எல்லையோ 650-க்கு இறங்குகிறது. 0.2 போட்டு ஓட்டினேன், புரோகிராம் அந்த ஆட்டத்தை அப்படியே காட்டியது. டிராயிங்கில் இருந்த 0.1-ஐ நம்பியது என் தவறு. அதன்பிறகு புதிது, பாதி தேய்ந்தது, முழுக்கத் தேய்ந்தது என்று மூன்று கிளியரன்ஸ் போடாமல் ரிப்போர்ட் எழுதுவதில்லை.

காடி (நீளவாக்குப் பள்ளம்) வெட்டிய ரப்பர் புஷ்ஷுக்கு என் புரோகிராம் உதவாது. காடியின் விளிம்பில் ஃபிலிம் தடிமன் திடீரென்று குதிக்கும், ரப்பரும் அமுங்கிக்கொடுக்கும். அங்கே சிஎஃப்டிதான், அதாவது ஓட்டத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக (மெஷ்) பிரித்துக் கணினியில் போடும் முழுக் கணக்கு. 314 மி.மீ. சுற்றளவுக்கு 0.1 மி.மீ. ஃபிலிம் என்றால் மெஷ் கட்டங்கள் பேப்பர் ரோஸ்ட் மாதிரி நீண்டு மெலிந்து நிற்கும். ஒரு ரன்னுக்கு ஒரு ராத்திரி போய்விடும். காடி இல்லாத புஷ்ஷில் இரண்டையும் ஒப்பிட்டேன். நன்றாக டர்புலன்ட் ஆன பகுதியில் பெரிய முரண் இல்லை, எல்லையை ஒட்டித்தான் இரண்டும் ஆளுக்கொன்று சொல்கின்றன.

போர்வெல் மோட்டார் செய்கிறவர்கள் இந்த டர்புலன்ஸ் கணக்குக்கு மெனக்கெட வேண்டாம். அந்தச் சின்ன புஷ்கள் பெரும்பாலும் எல்லைக்குக் கீழேயே இருக்கும். ரோட்டர் இடைவெளியில் இருக்கும் தண்ணீர் அப்படியில்லை, ஆனால் அது தனிக் கணக்கு.

இன்னொன்று. என் புரோகிராமில் வெப்பநிலைக் கட்டத்தில் 20 என்று தானாக வந்து நிற்கும்படி வைத்திருந்தேன். இப்போது காலியாக விட்டிருக்கிறேன். எண் போடாமல் ஓடாது.