ஜூன் மாத முத்திரை குத்தி வந்த ஸ்கூபா சிலிண்டர்கள்: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

மதுரையில் யாரேனும் புதிய ஸ்கூபா சிலிண்டருக்கு முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். நான்கு சிலிண்டருக்கு 1,12,000 ரூபாய். வந்தவை இரண்டு. அந்த இரண்டும் என்னைக் கொன்றிருக்கக்கூடியவை.

கிணற்றில் இறங்குவது என் பிழைப்பு. உசிலம்பட்டி, செக்கானூரணி, பேரையூர்ப் பக்கம் கயிறு அறுந்து நீர்மூழ்கி மோட்டார் உள்ளே விழுந்தால் என்னையும் என் தங்கை மகனையும் கூப்பிடுவார்கள். அறுபது, எழுபது அடி ஆழத்தில் கலங்கல் தண்ணீரில் கையால் தடவித்தான் மோட்டாரைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே முதுகில் இருக்கும் காற்று ஒன்றுதான் துணை. பதினோரு லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினியச் சிலிண்டருக்குள் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்றை 200 பார் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு) அழுத்தத்தில் அடைக்கிறார்கள். உலோகம் விட்டுக்கொடுத்தால் அது வெடிகுண்டு.

தயாரிப்பாளர் வெளிமாநிலத்தில் இருக்கும் ஒரு நிறுவனம். அதன் விற்பனைப் பிரதிநிதியைச் சில ஆண்டுகளாகத் தெரியும். ஏப்ரலில் அவருக்குப் பதில் வேறொருவர் வந்தார். “அண்ணே, இந்த வாரம் பணம் போட்டால் பழைய விலை” என்றார். பழையவர் எங்கே என்று கேட்டேன், “நிர்வாகச் சீரமைப்பு” என்றார். விலைப்பட்டியலில் வங்கிக் கணக்கு எண்ணும் மாறியிருந்தது. ஆலைக்குத் தொலைபேசியில் பேசினால் காவலாளி எடுத்தார். இத்தனையும் கண்ணுக்கு முன்னால் நடந்தும் பணம் அனுப்பினேன். அவர்கள் கடனில் மூழ்கி ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூலையில் பார்சல் லாரியில் இரண்டு சிலிண்டர்கள் வந்தன. பளபளவென்று மஞ்சள் வண்ணம், தோளில், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியில், புதிதாகக் குத்திய அழுத்தச் சோதனை முத்திரை: ஜூன் மாதம். மீதி இரண்டும் அடுத்த மாதம் வரும் என்றார்கள்.

தூத்துக்குடியில் எனக்குக் காற்று நிரப்பித் தரும் பெரியவர் காற்றடிக்க மறுத்துவிட்டார். “தம்பி, தோளில் மட்டும் ஏன் இவ்வளவு தடிப்பாகப் பூசியிருக்கிறான்?” என்று கேட்டுக்கொண்டே பிளேடால் சுரண்டினார். வண்ணம் ஏடு ஏடாக உரிந்தது. அடியில் அரத்தால் ராவிய தடம். அதற்குள் மங்கலாக, விரலால் தடவினால் மட்டும் தெரியும் இரண்டு இலக்கங்கள்: 86. வால்வைக் கழற்றி, கழுத்துக்குள் டார்ச் அடித்து, பல் மருத்துவர்கள் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியை விட்டுப் பார்த்தார். மரைகளுக்குக் குறுக்கே தலைமுடி போல ஒரு கோடு. அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்தார். போகவில்லை.

அவர் விளக்கிய பிறகுதான் எனக்குக் கைகால் நடுங்கியது. 86 என்பது 1986ஆம் ஆண்டின் முத்திரை. அந்தக் காலத்து அலுமினியச் சிலிண்டர்களில் பல 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்யப்பட்டவை. ஆண்டுக்கணக்கில் அழுத்தம் தாங்கித் தாங்கிக் கழுத்து மரையில் விரிசல் விடும் குணம் அதற்கு உண்டு. நிரப்பும்போதே வெடித்தவை இருக்கின்றன. 1980களின் இறுதியில் பெரிய தயாரிப்பாளர்கள் 6061 கலவைக்கு மாறியதற்கு அதுவே காரணம். மறுசோதனைக்கு வந்து கிடந்த பழைய சிலிண்டர்களுக்கு வண்ணம் பூசிப் புதியவை என்று எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பழைய சோதனைச் சீட்டு ஒன்றில் அந்த ஆலையின் சோதனைப் பிரிவு ஊழியர் ஒருவரின் எண் இருந்தது. பேசினேன். ஏப்ரலில் அவரையும் சேர்த்து அந்தப் பிரிவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. “அண்ணே, அதற்குப் பிறகு சோதனைத் தொட்டியில் தண்ணீரே நிரப்பவில்லை” என்றார். சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, இயங்கு அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றி, எவ்வளவு விரிகிறது, விட்டதும் எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பதுதான் சோதனை. அதைச் செய்ய ஆளே இல்லாத மாதத்தின் முத்திரை என் சிலிண்டரில் இருக்கிறது. அந்த மனிதர் மீது எனக்குத் துளியும் கோபமில்லை. உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வாங்கப்போகிறவர்கள் முதலில் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். சொத்துகளின் மீது கடன் பதிவாகியிருக்கிறதா, கடைசியாக எந்த ஆண்டின் கணக்கைத் தாக்கல் செய்தார்கள் என்பது இலவசமாகவே தெரியும். சிலிண்டரின் தோளில் வரிசை எண், சோதனை அழுத்தம், சோதனைத் தேதி, வெற்று எடை இருக்க வேண்டும். அழுத்தச் சிலிண்டர்களுக்கு ஒப்புதல் தரும் மத்திய அரசின் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் (PESO) ஒப்புதல் விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள். தோள் பகுதியை விரலால் தடவிப் பாருங்கள், ராவிய இடம் பள்ளமாகத் தட்டுப்படும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் காத்திருக்காதீர்கள். தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவரும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நுகர்வோர்தான். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. 1915 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். நிறுவனத்தின் மீது திவால் மனு ஏற்கப்பட்டுவிட்டால் அந்த வழக்கு அப்படியே நின்றுவிடும், பிறகு திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வாளரிடம் உரிமைகோரி வரிசையில் நிற்க வேண்டும். நிறுவனம் கலைக்கப்பட்டால் அந்த வரிசையில் வங்கியும் தொழிலாளர்களின் 24 மாதச் சம்பளப் பாக்கியும் நமக்கு முன்னால் நிற்கும். தொழிலாளர்கள் முன்னால் நிற்பது நியாயம்தான்.

மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்துவிட்டேன். இரண்டு சிலிண்டர்களும் வால்வு கழற்றிய நிலையில் சாட்சியாக வீட்டில் இருக்கின்றன. அதே ஜூன் முத்திரையும் தடித்த மஞ்சள் பூச்சும் உள்ள சிலிண்டர் உங்களிடம் இருந்தால் அதில் காற்று அடிக்காதீர்கள். ஏற்கெனவே நிரப்பியிருந்தால், வால்வை மெல்லத் திறந்து காற்றை வெளியேற்றிவிட்டு எனக்கு எழுதுங்கள்.