பில்லி ஜோயலின் வேகமா, ஜாப்ளினின் நடையா?

அமெரிக்கப் பாடகரும் பியானோ கலைஞருமான பில்லி ஜோயல், ரேக்டைம் என்ற பழைய அமெரிக்கப் பியானோ பாணியில் வாயே திறக்காமல் வெளுத்து வாங்கியது 'ரூட் பியர் ரேக்'. 1974ல் வந்த 'ஸ்ட்ரீட்லைஃப் செரினேட்' ஆல்பத்தில் இருக்கிறது. 'தி ஸ்டிங்' என்ற ஹாலிவுட் படம், ரேக்டைம் மேதை ஸ்காட் ஜாப்ளினின் 'தி என்டர்டெய்னர்' (1902) மெட்டை ஊரெல்லாம் முணுமுணுக்க வைத்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. அதே ஆல்பத்தில் 'தி என்டர்டெய்னர்' என்ற பெயரிலேயே ஜோயல் பாடிய பாட்டும் ஒன்று உண்டு, அதற்கும் ஜாப்ளினுக்கும் சம்பந்தம் கிடையாது, தேடும்போது குழம்பிவிடாதீர்கள்.

ரேக்டைமின் உயிர் இரண்டு கைகளுக்கும் நடுவில் நடக்கும் இழுபறிதான். இடது கை பாஸ் (கீழ் ஸ்வரம்), கார்ட் (ஒன்றாக ஒலிக்கும் பல ஸ்வரங்கள்), பாஸ், கார்ட் என்று அசையாமல் தாளம் போட, வலது கை அந்தத் தட்டுகளில் விழாமல் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ அழுத்தம் கொடுத்துக்கொண்டே போகும். ஜோயலிடம் இது இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிரம்ஸ் பின்னால் துரத்த, அவர் ஓடுகிற ஓட்டத்தில் அந்த இழுபறி காதில் தங்குவதே இல்லை, 'அடேங்கப்பா, என்ன விரல்!' என்ற வியப்புதான் மிஞ்சுகிறது. மேடையில் கைதட்டல் வாங்க அது போதும்.

ஜாப்ளின் இதற்கு நேரெதிர். ரேக்டைமை வேகமாக வாசிப்பது எப்போதுமே தவறு என்று தன் நோட்டேஷன்களிலேயே அச்சடிக்க வைத்தவர். 1899ல் வந்த 'மேப்பிள் லீஃப் ரேக்' எடுத்துக்கொள்ளுங்கள். மேஜரில் (பளிச்சென்ற சாயல்) துள்ளிக்கொண்டிருக்கும் முதல் பகுதி நடுவில் திடீரென்று மைனருக்கு (சோகச் சாயல்) திரும்பி, கீழிருந்து மேலே ஒவ்வொரு ஆக்டேவாக (ஸ்தாயியாக) படியேறும். அந்த இடத்தைப் பொறுமையாக வாசித்தால்தான் முகம் மாறுவது தெரியும், பறந்தால் போச்சு.

'தி என்டர்டெய்னர்' எளிது, இனிமையும் கூட, ஆனால் ஐஸ்கிரீம் வண்டி வரைக்கும் போய்த் தேய்ந்துவிட்டது.

அப்புறம் என் தேர்வு? கீபோர்டில் புதிதாகப் பழகுபவருக்கு 'என்டர்டெய்னர்', கச்சேரியில் அசத்த நினைப்பவருக்கு ஜோயல். கேட்பதற்கு என்றால் யோசிக்காமல் 'மேப்பிள் லீஃப்' தான், அதுவும் பியானோ கலைஞர் ஜோஷுவா ரிஃப்கின் 1970ல் நிதானமாக வாசித்த பதிவு.