அஸ்வெசுமவா, தொண்டு நிறுவன வாழ்வாதார உதவியா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பெண் தலைமைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அஸ்வெசும என்பது இலங்கை அரசின் நலன்புரிக் கொடுப்பனவு.

பணம்
அஸ்வெசும: 2025 ஜனவரி உயர்வின்படி வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபா வரை, மிக வறியோருக்கு 17,500 வரை. வங்கிக் கணக்குக்கு வரும்.
நிறுவனம்: ஆடு, கோழி, தையல் இயந்திரம். காசாகக் கிடைப்பது அரிது.

தெரிவு
அஸ்வெசும: கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டு நிலை என 6 பிரிவுகளில் 22 குறிகாட்டிகள். மின் பாவனையும் கணக்கில் வரும். பெயர் விடுபட்டால் உரிய காலத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம்.
நிறுவனம்: பெரும்பாலும் கிராம அலுவலரின் பட்டியல்தான். விடுபட்டால் முறையிடச் சட்டப்படி இடமில்லை. பெரிய குறை இதுதான்.

நிலைப்பு
இங்கேதான் நிறுவன உதவியின் கணக்குத் தப்பாகிறது. ஆட்டின் சினைக்காலம் 5 மாதம். குட்டி விலைபோக மேலும் எட்டு மாதமாவது வேண்டும். ஒரு வருடத் திட்டமென்றால், வெளிக்கள உத்தியோகத்தர் போன பிறகே முதல் வருமானம். காலபோகத்தில் (மழைக்கால நெற்செய்கையில்) வயல் விதைத்ததும் ஆட்டைக் கட்டி வளர்க்க வேண்டும். குழை வெட்ட ஆளில்லாத வீட்டுக்கு அது சுமை. கோழியென்றால் ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசி தவறினால் கூடே காலி. 2008 செப்டெம்பரில் அரசு உத்தரவால் சர்வதேச நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறியதையும் சனம் மறக்கவில்லை.

யாருக்கு எது?
முதியவர், நோயாளி, கைக்குழந்தைக்காரி: அஸ்வெசுமவே.
உழைக்க ஆளும் கிணறும் உள்ள வீடு: நிறுவன உதவி. ஆட்டை வாங்க முன் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.