சேலத்துல ஒரு டிஎன்ஏ சென்டரும் மாமியாரோட தினசரி காலண்டரும்

மூணு வார லீவுல ஊருக்குப் போயிட்டு வந்தேன். பல் டாக்டர், பேங்க் கேஒய்சி, ஆதார்ல அட்ரஸ் மாத்துனது எல்லாம் பரவால்ல ரகம், அத இன்னொரு நாள் எழுதறேன். இது வேற சமாச்சாரம்.

சொந்தத்துல ஒரு பொண்ண ஏற்காட்டுல கட்டிக் குடுத்திருக்கு, புருஷன் கத்தார்ல வேலை, லீவுல வந்துட்டுத் திரும்பிப் போயிட்டான், இப்ப அவ மாசமா இருக்கா. ஸ்கேன் ரிப்போர்ட்ல 11 வாரம் 2 நாள்னு போட்டிருந்துச்சு. மாமியார் செவுத்துல இருந்த தினசரி காலண்டர கழட்டி மடியில வெச்சு ஸ்கேன் தேதில இருந்து பின்னாடி எண்ணியிருக்காங்க, 79 நாள் வருது, ஸ்கேன் அன்னைக்கு பையன் வந்து இறங்கி 69 நாள்தான். அன்னைல இருந்து அந்த வீட்ல யாரும் அவகிட்ட சரியா பேசல. "அப்பா யாருன்னு டிஎன்ஏ டெஸ்ட்டே எடுத்துக்கறேன் சித்தி, அப்பவாச்சும் வாய மூடறாங்களா பாப்போம்"னு அவளே அழுதுச்சு. நான் சிங்கப்பூர்ல 14 வருஷமா லேப்ல ரத்தம் எடுக்கற ஆளு, அதனால என்னைக் கூட இழுத்துட்டுப் போனாங்க.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, வழியில ரெண்டு தடவ அவ வாந்தி எடுத்து, சேலம் டவுன்ல மாடியில இருக்கற ஒரு கலெக்ஷன் சென்டர். பேரு வேண்டாம். ஏசி, கண்ணாடிக் கதவு, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ரேட்டக் கேட்டு எனக்கு தலை சுத்துச்சு, அவ அம்மா அதுக்குள்ள 5,000 அட்வான்ஸ் கட்டிட்டாங்க. எதக் கேட்டாலும் அந்தத் தம்பி சொன்ன ஒரே பதில் "99.9 பர்சென்ட் கரெக்ட்டு மேடம்".

நம்பர் பொய்யில்லீங்க. தாயோட ரத்தத்துல குழந்தையோட டிஎன்ஏ துணுக்கு மிதக்குதுன்னு 1997லயே டென்னிஸ் லோங்கற விஞ்ஞானியோட டீம் கண்டுபிடிச்சாச்சு, பத்து வாரத்துக்கு மேல மொத்த மிதக்கற டிஎன்ஏல சராசரியா பத்துல ஒரு பங்கு குழந்தையோடது (நச்சுக்கொடில இருந்து வர்றது), நல்ல லேப் அத வெச்சு அப்பா யாருன்னு உறுதியா சொல்லிடும். ஆனா அந்த 99.9 லேப்புக்குள்ள ஒழுங்கான சேம்பிள் போனா வர்ற நம்பர், மாடியில என்ன நடக்குதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

ரேக்கப் பாத்தேன். சாதாரண ஊதா மூடி ட்யூப், ரத்த அணுக்கள எண்ணற சிபிசி டெஸ்ட்டுக்கு எடுப்போமே அதேதான். அதுல எடுத்தா சில மணி நேரத்துக்குள்ள மெஷின்ல சுத்தி பிளாஸ்மாவ (அணு இல்லாத நீர்ப் பகுதி) பிரிக்கணும், இல்லன்னா தாயோட வெள்ளணு உடைஞ்சு அவ டிஎன்ஏ கொட்டி, குழந்தையோடது இருக்கற கொஞ்சமும் கரைஞ்சு போகும். கொரியர்ல அனுப்பறதுக்குன்னே அணு உடையாம வெச்சிருக்கற ட்யூப் தனியா இருக்கு. "அது ஸ்டாக் வரலீங்க, இதுலயும் எடுக்கலாங்க"ன்னான். அந்தச் சுத்தற மெஷின், சென்ட்ரிஃப்யூஜ் எங்கப்பான்னா முழிக்கறான். எந்த ஊர் லேப், என்ஏபிஎல் (லேப் தரத்துக்குக் குடுக்கற அங்கீகாரம்) இருக்கான்னு கேட்டா "ஹெட் ஆபீஸ்ல கேக்கணுங்க".

புருஷனோட சேம்பிள்? "அவரே பஞ்சுக்குச்சில கன்னத்துல தேய்ச்சு அங்கிருந்து கொரியர் போட்டா போதுங்க." யாரு கன்னம்னு யாரு பாத்தா? ஐடி இல்ல, சாட்சி இல்ல, கோர்ட்ல இது செல்லுபடியே ஆகாது. இதுல ஆணா பொண்ணான்னு பாக்கறதத் தடுக்கற 1994 சட்டம் வேற இருக்கு, வயித்துல இருக்கற குழந்தைய எதுக்கெல்லாம் டெஸ்ட் பண்ணலாம்னு லிஸ்ட்டே போட்டிருக்கு, குரோமோசோம் கோளாறு, பரம்பரை ரத்த நோய் அப்படி. அப்பா யாருங்கறது அதுல இல்ல. அதச் சொன்னதும் தம்பி டீ குடிக்கப் போயிட்டான்.

அவள எழுப்பி நேரா ஸ்கேன் எழுதிக் குடுத்த டாக்டரம்மாகிட்டயே கூட்டிட்டுப் போனேன். அவங்க ரிப்போர்ட்டப் பாத்துட்டு, "வாரக் கணக்கு கடைசி பீரியட் ஆரம்பிச்ச மொத நாள்ல இருந்துங்க, கரு தங்கறது அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான்"னாங்க. 79ல 14 போனா 65. பையன் வந்த நாலாம் நாள். ஸ்கேன் அஞ்சாறு நாள் முன்ன பின்ன காட்டும்ங்கறதையும் சொன்னாங்க, இது அப்பா யாருன்னு நிரூபிக்காது, ஆனா சந்தேகப்பட்டதுக்குக் காரணமா இருந்த கணக்கே தப்பு. ரத்தம் எடுக்கற எனக்கு இது மொதல்லயே தோணியிருக்கணும், ட்யூபப் பாத்துட்டு ரிப்போர்ட்டப் பாக்காம விட்டுட்டேன். அதுக்கப்புறமும் வேணும்னா குழந்தை பொறந்ததும் கன்னத்துல ஒரு குச்சி தேய்ச்சா போதும், செலவும் கம்மி, ஆனா அப்பவும் யாராவது நின்னு ஐடி பாத்துத்தான் எடுக்கணும்.

மாமியார் டாக்டர் சொன்னத நம்பல, திரும்பவும் காலண்டர எடுத்து விரல் விட்டு எண்ணுனாங்க, மூணு தடவ. அப்புறம் உள்ள போய் அவளுக்கு ரசம் வெச்சாங்க.

அட்வான்ஸ் 5,000 இன்னும் வரல, "ஹெட் ஆபீஸ்ல சொல்லியிருக்கேங்க"ன்னு தம்பி வாட்ஸ்அப்ல சொல்லிட்டே இருக்கான்.