ஏ20 கோட் வரிகளைச் சுருக்கினோம்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்த கதை

நாங்கள் நாலு பேர் பொழுதுபோக்குக்கு எழுதும் குட்டி கர்னலுக்கு (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) மூன்று வருடம் முன்பு ஒரு பேட்ச், அதாவது கோட் திருத்தம், வந்தது. ஏ20 என்ற முகவரிக் கம்பியைத் திறக்கும் நாற்பது சொச்சம் வரி அசெம்பிளியைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் நாலே வரி: போர்ட் 92-ஐ (ஹெக்ஸ் எண்; ஏ20-ஐத் திறக்கும் குறுக்குவழி) படி, பிட் 1-ஐ ஏற்று, பிட் 0-ஐ அழி, திருப்பி எழுது. ரிவியூ என் தலையில் விழுந்தது.

இன்டெலின் 8086 சிப்புக்கு முகவரிக் கம்பிகள் 20தான். 1 எம்பியைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு பூஜ்ஜியத்துக்கே வந்துவிடும். அதை நம்பி எழுதிய பழைய புரோகிராம்கள் ஓடவேண்டுமே என்று, 80286 போட்டு 1984-ல் வந்த பிசி ஏடியில் ஐபிஎம் 21-வது கம்பிக்கு (0-விலிருந்து எண்ணுவதால் ஏ20) ஒரு கதவு வைத்தது. சாவியைக் கொண்டுபோய் வைத்த இடம் கீபோர்டு கன்ட்ரோலர்! அதனால்தான் பழைய கோடில் ‘பஃபர் காலியா, காலியா’ என்று கேட்டுக்கொண்டே நிற்கும் லூப்கள். தொடவே யாருக்கும் பிடிக்காது.

பிட் 0-ஐ மட்டும் இரண்டு தடவை பார்த்தேன். அது 1 ஆனால் மெஷின் ரீசெட். கணினியை மென்பொருளிலேயே நடித்துக் காட்டும் க்யூஎமுவில் பூட் ஆனது. ஓகே கொடுத்துவிட்டேன்.

ஒரு வருடம் எந்தக் குறையும் இல்லை. பிறகு காயலான் கடையில் ஒரு பழைய 386 மதர்போர்டு கிடைத்தது. கர்னலை 1 எம்பியில் ஏற்றும்போதே தொங்கியது. இன்டரப்டை நிறுத்திவிட்டு, முதல் செக்டரை மட்டும் காப்பி செய்து, முகவரி 0-வில் இருப்பதைத் திரையில் போட்டுப் பார்த்தேன். எந்த இன்டரப்டுக்கு எங்கே போவது என்று சொல்லும் டேபிள் இருக்கவேண்டிய இடத்தில் எங்கள் கர்னலின் முதல் பைட்டுகள். அடுத்த டைமர் தட்டலுக்கே ஆள் காலி ஆகாமல் என்ன செய்யும்?

அந்த மதர்போர்டில் போர்ட் 92 கிடையாது; ஏ20 திறக்கவே இல்லை, 1 எம்பிக்கு எழுதியது சுற்றிக்கொண்டு 0-வில் விழுந்தது. க்யூஎமுவிலோ ஏ20 ஏற்கெனவே திறந்தேதான் இருக்கும். நான் டெஸ்ட் செய்ததாக நினைத்தது எதையுமே டெஸ்ட் செய்யவில்லை.

இப்போது லினக்ஸின் வரிசையையே வைத்திருக்கிறோம்: திறந்திருக்கிறதா என்று முதலில் பார், பிறகு பயாஸ், பிறகு கீபோர்டு, கடைசியாகத்தான் போர்ட் 92. வரிகள் கூடின, பூட் செக்டரின் 512 பைட்டுக்குள் அடங்காமல் அதற்கடுத்து ஏறும் இரண்டாம் கட்ட லோடருக்குத் தள்ளினோம். அதற்கப்புறம் இரண்டு வருடமாக ஏ20 பக்கம் ஒரு பிழையும் வரவில்லை.

பேட்ச் போட்ட தம்பி இன்னும் விடவில்லை. “அண்ணே, அந்த 386 உங்க ஒருத்தர்கிட்டதானே இருக்கு?”

ஆமாம். நேற்றுகூட பூட் ஆனது.